ஒண்டியும் ஜோடியும்

அடுப்பின் திருகைத் திருப்பும் சத்தம் கேட்டது, லைட்டர் சத்தம் இன்னும் கேட்கவில்லை. இதோ கேட்கும். தேடிக்கொண்டிருப்பார். அது எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும், கையை நீட்டினால் எட்டும், இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. நான் எழுந்து போகலாம். போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார், சும்மாதான் என்பேன், சும்மா எழுந்து அடுக்களைக்குப் போகிறவள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியும், முகம் வாடிவிடும். போகாமல் இருந்தால் காஸ் பரவும். அடுக்களைக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு நடை, ஒரு கதவு, அவ்வளவுதான். மூக்கை இழுத்துப் பார்க்கிறேன், ஸ்பிரிட் வாசனைதான் வருகிறது, முன்னால் வரிசையாக நிற்கிற குப்பிகளின் வாசனை. வாழ்நாளெல்லாம் இதை முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப் போயிருக்கும், காஸ் வந்தாலும் எனக்குத் தெரியாது. டக். இன்னொரு டக். பக்கென்று தீ பற்றும் சின்னச் சத்தம். அப்பாடா. மூச்சை விட்டேன், விட்ட பிறகுதான் இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. உடனே என் மேலேயே எரிச்சல் வந்தது. பாக்கியசீலி, நீ கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், உன் வேலை பூச்சியைப் பார்ப்பது, காப்பி போடுகிற புருஷனை ஒட்டுக்கேட்பது கிடையாது. இடுக்கியை எடு.

ஆலடிக்குளத்தின் பூச்சிகள் இவை. குளத்தைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டப் போகிறார்கள், கூடாதென்று ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், அதில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்று எழுதித்தரக் கேட்டார் அவர்களுடைய வக்கீல். நீர்ப்பூச்சிகள் எங்கள் இரண்டு பேர் பங்கு. எபநேசரும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரே துறையில், அவர் எனக்கு முந்தியவர், பிறகு என் கணவர், இப்போது அடுக்களையில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறவர். மழைக்காலம் முழுக்க வலை போட்டார். கல்யாணமான புதிதிலிருந்து எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பூச்சியைப் பிரித்து, இன்னது என்று சீட்டில் எழுதி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்துக் குப்பிக்குள் போட வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும், மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மற்றவர் சீட்டைப் பிரிக்காமல் பூச்சியை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தன் முடிவைச் சொல்லிவிட்டு, அப்புறம் சீட்டைப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். இதில் இவர் ஒரு சேட்டை வைத்திருந்தார். ஏதாவது ஒரு குப்பியில் வேண்டுமென்றே தப்பான பெயரை எழுதிப் போட்டுவிடுவார், நான் நிஜமாகவே பார்க்கிறேனா, அவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறேனா என்று சோதிக்க. பொறிக் குப்பி என்று அதற்குப் பெயர். கண்டுபிடித்துவிட்டால் ஒரு வாரம் காப்பி அவர் போட வேண்டும், விட்டுவிட்டால் நான். நான் ஒருமுறைகூட விட்டதில்லை, அதனால்தான் இந்த வீட்டில் காப்பி போடத் தெரிந்த ஆம்பளை ஒருவர் இருக்கிறார். இந்தத் தடவை எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள், ஒன்று மாற்றி ஒன்று, குனியக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தனியாகவே எல்லாவற்றையும் பிரித்தார், தனியாகவே எழுதினார். இன்று காலையில்தான் நான் சரிபார்க்க உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் வக்கீல் வருவார்.

எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை, ஒண்டிகளைப் பார்த்தால் போதும். ஒண்டி என்றால் இத்தனை நாள் வலை போட்டதில் ஒரே ஒரு தடவை மட்டும் சிக்கிய இனம். இரண்டு தடவை சிக்கியது ஜோடி. மற்றவை கும்பல், அள்ள அள்ள வருகிறவை. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்தும்போது கல்யாண வீட்டைத்தான் சொல்வேன். ஒரு கல்யாண வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறாய், பார்த்த முகத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்றால் வந்தவர்களை ஏறக்குறையப் பார்த்து முடித்துவிட்டாய் என்று அர்த்தம். பார்க்கிற ஒவ்வொரு முகமும் புது முகமாக இருக்கிறதென்றால் உள்ளே பெருங்கூட்டம் இருக்கிறது. பார்க்காதது எவ்வளவு என்பதை, ஒரே ஒருமுறை பார்த்தது சொல்லும். ஒண்டிகளின் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, ஜோடிகளின் இருமடங்கால் வகுத்தால் கண்ணில் படாத இனங்கள் குறைந்தது எத்தனை என்று ஒரு மதிப்பு வரும். இவர் பிரித்ததில் ஒண்டி பதினெட்டு, ஜோடி மூன்றுதான். அப்படியென்றால் இன்னும் ஐம்பத்து நான்கு இனம் அந்தக் குளத்தில் எங்கள் கண்ணில் படாமல் நீந்திக்கொண்டிருக்கிறது. ஐம்பத்து நான்கு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னார், சொல்லும்போது அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சோற்றைப் பிசைந்தபடியே கை நின்றுவிட்டது. ஆலடிக்குளம் எனக்குப் புதிதா என்ன. அதில் அவ்வளவு ஒண்டி வராதே.

முதல் குப்பி. படகுப் பூச்சி, முன்காலில் சீப்பு, சந்தேகமே இல்லை. சீட்டைப் பிரித்தேன், அதையே எழுதியிருக்கிறார். எபநேசர் எழுத்து மாறவில்லை, கொஞ்சம் நடுங்குகிறது, எழுபத்திரண்டு வயதுக்கு நடுங்கலாம். இரண்டாவதும் சரி. மூன்றாவதும், அடுத்ததும் சரி. ஒவ்வொன்றும் ஒத்துப்போகும்போது எனக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்கிறது, ஸ்கூலில் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற தாய் இப்படித்தான் இருப்பாள். பிறகு ஒரு கறுப்பு வண்டு, கடுகு அளவுதான் இருக்கும். இதை இப்போதுதான் பார்த்தேனே. முந்தின குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே வண்டு. அது ஆண், இது பெண், அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டில் இரண்டு பெயர், இரண்டு இனம். சரி, இது எல்லோரும் செய்கிற தப்பு. ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதாத பூச்சிக்காரர் உலகத்தில் கிடையாது, பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எபநேசர் எழுதியதில்லை. அல்லது இதுதான் பொறியா. பொறியாகத்தான் இருக்கும். பரம சேட்டை. அடுக்களைப் பக்கம் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். இரண்டு ஒண்டியும் சேர்ந்து ஒரு ஜோடி ஆயிற்று. இப்போது ஒண்டி பதினாறு, ஜோடி நான்கு, ஐம்பத்து நான்கு முப்பத்திரண்டாக இறங்கிவிட்டது. ஒரு சீட்டைப் பிரித்ததில் குளத்திலே இருபத்திரண்டு இனம் செத்துப்போனது.

"சீலி, பாலு இன்னும் காயல. அவசரமா?" என்றார் உள்ளேயிருந்து. "அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவாப் போடுங்க," என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பாலைப் பாலென்று சொல்கிறார், காயவில்லை என்று சொல்கிறார், எல்லா வார்த்தையும் இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காப்பி வடிகட்டியைக் கேட்கும்போது வார்த்தை வரவில்லை, "அதை எடு, அந்த வலைய," என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், குளத்திலேயே கிடக்கிற மனுஷனுக்கு வடிகட்டி வலையாகத் தெரிந்தால் என்ன தப்பு. அது ஒரு தடவைதான். மறுபடி வடிகட்டியை வடிகட்டி என்றுதான் சொன்னார். காப்பியில் உப்பைப் போட்டது ஒரு தடவை. பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தது ஒரு தடவை, நான் அரிசி களையும்போது கையில் தட்டுப்பட்டது. தம்பி ஜேக்கப் இன்னும் வரவில்லையா என்று வாசலைப் பார்த்தது ஒரு தடவை. ஜேக்கப்பை நாங்கள் இரண்டு பேரும்தான் கல்லறைக்குக் கொண்டுபோய் மண் போட்டுவிட்டு வந்தோம். மகளைத் தன் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு தடவை. அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் பேப்பர் படிக்கப் போனது ஒரு தடவை. அப்புறம் அந்த ஆட்டோக்காரர் சொன்னது. "சார்வாள் வீடு எந்தப் பக்கம்னு எங்கிட்டயே கேக்காங்கம்மா. வெளாட்டுக்குக் கேக்காங்கன்னு நெனச்சேன், அப்புறம் மூஞ்சியப் பாத்தேன், அதான் கூட்டிட்டு வந்தேன்." அதுவும் ஒரு தடவைதான். ஒவ்வொன்றுக்கும் நான் சமாதானம் வைத்திருக்கிறேன். ஒரு தடவை யாருக்கும் வரும், ஒரு தடவை எனக்கும் வந்திருக்கிறது, ஒரு தடவைக்காக டாக்டரிடம் ஓட முடியுமா. ஒருமுறை நடந்தது மறுமுறை நடக்கவில்லையே என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தின பாடத்தை என் வீட்டில் நான் திருப்பிப் பார்க்கவில்லை. அதே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் பயமில்லை, உப்பா, டப்பாவில் பெயர் எழுதி ஒட்டலாம். ஒவ்வொன்றும் புதிதாக வருகிறது. வாசலில் நிற்கிறேன், வருகிற முகமெல்லாம் புது முகம். உள்ளே எவ்வளவு பெரிய கூட்டம்.

ஏழு. எண்ணக் கூடாது என்று இருந்தேன், எண்ணிவிட்டேன். ஒண்டி ஏழு, ஜோடி ஒன்றுகூட இல்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஜோடியே இல்லாத இடத்துக்கு வேறொரு கணக்கு உண்டு, அதை எனக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியது இவர்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணம் பேசியிருக்கவில்லை, முழங்கை வரை சாக்பீஸ் தூளோடு நின்றார். ஒண்டிகளின் எண்ணிக்கையான ஏழை, அதில் ஒன்று குறைத்த ஆறால் பெருக்கி, ஜோடிகளோடு ஒன்றைக் கூட்டி அதன் இருமடங்கால் வகுக்க வேண்டும். நாற்பத்திரண்டு, வகுத்தல் இரண்டு. இருபத்தொன்று. நான் பார்க்காத இருபத்தொன்று இந்த வீட்டுக்குள் இருக்கிறது. பல் தேய்க்கும்போது, சட்டை போடும்போது, கோயிலில் என்னைவிட்டு ஆண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கும்போது. கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறாரோ, எனக்கு என்ன தெரியும். ஒரே ஒரு ஜோடி கிடைத்தால் போதும், அந்தக் கணக்கில் வகுக்கிற எண் நான்காகிவிடும், பயம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏதாவது ஒன்று இரண்டாம் தடவை நடக்கட்டும் என்று ஒரு பெண்டாட்டி ஆண்டவரிடம் கேட்பாளா. நான் கேட்கிறேன். காப்பியில் இன்னொரு தடவை உப்பைப் போடுங்க, சிரித்துக்கொண்டே குடிக்கிறேன். மஸ்கட்டிலிருந்து ஷீபா நேற்று பேசினாள். பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நீங்க அப்பாவையும் பூச்சி மாதிரி வெச்சுப் பாக்காதீங்க. அப்பாவுக்கு வயசாவுது, அவ்வளவுதான். எனக்கு நாப்பது ஆவல, கைல போன வெச்சிக்கிட்டே போனத் தேடுதேன்," என்றாள். என் மகள், அவளுக்கும் இதே சமாதானம்தான் கைவசம் இருக்கிறது. நான் சரி சரி என்று வைத்துவிட்டேன்.

கவனம் சிதறுகிறது, அடுத்த குப்பி. இது சரி. இதுவும் சரி. பார்த்தாயா, எத்தனை சரியாக இருக்கிறது, எவ்வளவு சின்ன வித்தியாசத்தையெல்லாம் பிடித்திருக்கிறார், பின்தொடையில் ஒரு முள் கூடுதல், அதைக்கூட விடவில்லை. இந்த மனுஷனுக்கா மறதி. பாளையங்கோட்டையில் இவரை விட்டால் யார் இருக்கிறார்கள். அடுத்தது நீளக்கால் பூச்சி, தண்ணீர் மேலே ஓடுகிற வகை. இதன் உடன்பிறப்பு அந்தப் பக்க வரிசையில் நிற்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஆண். இரண்டும் வளர்ந்தவை. இரண்டும் ஒன்றுதான், ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. என் கண்ணில் புதிதாக வைத்த வில்லையில் கோளாறா. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், தட்டைத் திருப்பிவைத்துப் பார்த்தேன், விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன். கோளாறு என் கண்ணில் இருக்கட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது, இன்னொரு ஆபரேஷன் செய்துகொண்டால் போகிறது. சீட்டைப் பிரித்தேன். ஒரு பெயர், இன்னொரு சீட்டில் இன்னொரு பெயர். இரண்டும் எபநேசர் எழுத்து, ஒரே பென்சில். ஒரு நாள் இதைப் பார்த்து ஒரு பெயரை எழுதியிருக்கிறார், இன்னொரு நாள் இதைப் பார்த்தபோது இதை முன்னால் பார்த்ததே அவருக்குத் தெரியவில்லை. இல்லை, இதுதான் பொறி. அப்படியானால் முதலில் பார்த்த வண்டு? பொறி எப்போதும் ஒன்றுதான், ஒன்றுக்கு மேல் வைத்ததில்லை. இந்தத் தடவை நான் கண் ஆபரேஷன் முடிந்து வருகிறேன் என்று இரண்டு வைத்திருக்கலாம். ஏன் வைக்கக் கூடாது. ஒண்டி பதினான்கு, ஜோடி ஐந்து, கண்ணில் படாதவை இருபதுகூட இல்லை. குளம் வற்றிக்கொண்டே வருகிறது.

போன் அடித்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், ஆதிநாராயணன் பேசுதேன். சார்வாள் நேத்து ஒரு நம்பர் சொன்னாங்க, ஐம்பத்து நாலுன்னு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, கேட்டியளா. அந்த நம்பர வெச்சு இன்னும் ஒரு வருசம் ஆய்வு பண்ணணும்னு ஸ்டே வாங்கிரலாம்." வக்கீலின் சந்தோஷம் காதில் கொட்டுகிறது. "இன்னும் சரிபாக்கேன், முடியல," என்றேன். "அது சும்மா ஒரு முறைக்குத்தானே மேடம். எபநேசர் சார் பாத்ததுக்கு மேல யாரு பாக்கப் போறா." ஆமாம், யார் பார்க்கப் போகிறார்கள். நான் இரண்டு சீட்டையும் மறுபடி மடித்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. குளமும் பிழைக்கும், இவர் பேரும் பிழைக்கும். ஆனால் எதிர்த்தரப்பு வேறு யாரிடமாவது குப்பிகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியது இவர். கோர்ட்டில், கூண்டில் நிறுத்தி, இது என்ன பூச்சி, அது என்ன பூச்சி என்று கேட்பார்கள். இவர் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்த மாதிரி ஜட்ஜைப் பார்ப்பார். "சார், எனக்கு ஒரு வாரம் வேணும்," என்றேன். "மேடம், வாய்தா இருக்கே..." "வாங்குங்க. ஒரு வாரம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்." வகுப்பில் பேசுகிற குரல் அது. அவர் சரி மேடம் என்று வைத்துவிட்டார். உள்ளே டவரா ஒன்று கீழே விழுந்து உருண்டது, உருண்டு நின்றது, பிறகு சத்தம் இல்லை. "என்னங்க?" என்றேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். "என்னங்க?" "ஒண்ணுமில்ல, கை நழுவிட்டு," என்றார். கை நழுவுவது யாருக்கும் நடக்கும். அதை எண்ணில் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் எட்டு, சேர்க்க மாட்டேன்.

ஆலடிக்குளத்தில்தான் அதுவும் நடந்தது, நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்யாணமாகி முதல் மழைக்காலம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நான் வலையைப் பிடித்திருந்தேன், கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் இந்த வாத்தியாரம்மாவுக்குப் பைத்தியமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலையில் எள் அளவுக்கு ஒரு வண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுத்த முதுகில் மேலிருந்து கீழாக மஞ்சளாக ஒரே ஒரு கோடு, நேராகப் போகாமல் பாதியில் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது. யாரும் எழுதாத இனம். இவர் ஒரு வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்தி, அந்த வண்டுக்குப் பெயர் வைத்துக் கட்டுரை அச்சில் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லத்தீன் பெயரின் இரண்டாவது சொல் 'சீலியே'. சீலியினுடையது. எனக்கு வகிடு எடுக்க வராது, சின்ன வயதிலிருந்தே கோணல்தான், அம்மா ஏசாத நாள் கிடையாது. "அந்தக் கோட்டப் பாத்ததும் உன் வகிடுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, வேற என்ன பேரு வைக்க?" என்றார். நகை வாங்கித் தருகிறவர் கிடையாது, சினிமாவுக்குக் கூட்டிப்போனது இரண்டோ மூன்றோ. உலகத்தில் ஒரு குளத்தில் மட்டும் இருக்கிற ஒரு வண்டுக்கு என் பெயரை வைத்தார். துறையில் எல்லோரும் கேலி செய்தார்கள், வண்டு மேடம் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கட்டுரை இதோ பின்னால் அலமாரியில் இருக்கிறது, கெட்டி அட்டை போட்டு. அதற்கப்புறம் எத்தனையோ தடவை வலை போட்டும் அந்த வண்டு எங்களுக்கு அபூர்வமாகத்தான் அகப்பட்டது. இந்தத் தடவை வந்ததாக அவர் சொல்லவில்லை. குளம் கெட்டுப்போய்விட்டது, 'சீலியே' வண்டும் போயிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன், கேட்டு அவரை வருத்தப்படுத்தவும் இல்லை.

கடைசிக் குப்பி. தட்டில் கவிழ்த்தேன், எள் அளவுதான், ஸ்பிரிட்டில் மிதந்து சுற்றியது. இடுக்கியால் நிறுத்தி, குனிந்து, திருகை மெதுவாகத் திருப்பினேன். மங்கலாக ஒரு கறுப்பு, அதன் நடுவே மங்கலாக ஒரு மஞ்சள், பிறகு தெளிந்தது. மேலிருந்து கீழாக, பாதியில் கோணிக்கொண்டு. அடிப் பாவி, நீ இன்னும் இருக்கிறாயா. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். நிஜ ஒண்டி, பொய்யில்லாத ஒண்டி. இதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரே, கடைசியாகப் பார்க்கட்டும் என்று கடைசியில் நிறுத்தியிருக்கிறார், கண் ஆபரேஷன் முடிந்து வந்தவளுக்கு முதல் பரிசு. இதுதான் எபநேசர், இந்த மனுஷனையா நான் காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். சீட்டில் என்ன எழுதியிருப்பார், என் பெயரைத் தமிழிலேயே எழுதியிருப்பார். பிரித்தேன். பெயர் தெரியவில்லை, இதுவரை பார்க்காதது, புது இனமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. எழுத்து நடுங்கவே இல்லை, சந்தோஷமாக எழுதிய எழுத்து. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் எதுவும் இல்லை. அப்படியென்றால் இதுதான் பொறி. இதுவேதான். மற்ற இரண்டும் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும், இது பொறி, என் பெயர் உள்ள பூச்சியை நானே கண்டுபிடிக்கிறேனா என்று பார்க்க வைத்திருக்கிறார், இதைவிட நல்ல பொறி எங்கே கிடைக்கும். இப்போது காப்பியோடு வருவார், அகப்பட்டுக்கிட்டியா என்பார். பொறி வைத்தால் அவருக்கு மீசையின் ஒரு ஓரம் துடிக்கும், மறைக்கவே தெரியாது. மீசையைப் பார்த்தால் போதும். செருப்புச் சத்தம் நடையில் வருகிறது. ஒரு டம்ளர்தான் கொண்டுவருகிறாரா, இரண்டா. மீசையைப் பார், வேறு எதையும் பார்க்காதே.

இரண்டு டம்ளர். ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"ஒண்ணு மட்டும் பாக்கி. நீங்களே பாருங்க."

நான் எழுந்து இடம் விட்டேன். உட்கார்ந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இடது கை தானாகப் போய்த் திருகைப் பிடித்தது. கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆங், இதா," என்றார். "இத உங்கிட்ட வேணும்னுதான் சொல்லாம வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"நீயாப் பாத்துச் சொல்லட்டும்னுதான். இது புதுசு சீலி. இத்தன வருசத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

மீசையைப் பார்த்தேன். ஓரம் துடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவர் முகம் முழுக்க அந்த வண்டுதான் இருந்தது.

"நல்லாப் பாத்தியளா?"

"பாக்காம எழுதுவேனா? முதுகுல ஒரு கோடு போவுது, மஞ்சளா. நேராப் போவாம கோணிக்கிட்டுப் போவுது பாரு." தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அதற்கு மேலே, நரைத்துப்போய்ப் பாதி உதிர்ந்த தலையைப் பார்த்தார். "உன் வகிடு மாதிரி," என்றார். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார், இந்த வயதில். "உன் பேரையே வெச்சிரலாம்னு பாக்கேன். ஒனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அந்தக் கெட்டி அட்டை தெரிந்தது. எட்டு என்று மனம் எண்ணிவிட்டது, என்னால் தடுக்க முடியவில்லை. இதைவிடப் பெரியது இனி எது வரப் போகிறது என்று தோன்றியது, வரும் என்றும் தோன்றியது. நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ஷீபாவுக்குச் சொல்ல வேண்டும், குப்பிகளை முதலிலிருந்து நானே பார்க்க வேண்டும். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் கட்டுரையைக் காட்டின அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்தார், முழங்கை வரை சாக்பீஸ் தூளோ என்னவோ, இதே முகம்தான். உலகத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் விட்டுவிட்டு இரண்டாம் தடவையும் அதே கோட்டைப் பார்த்து அதே பெயருக்கு வந்து நிற்கிறார். இவ்வளவு நாள் எண்ணியதில் முதல் ஜோடி.

"வைங்க," என்றேன். "எனக்கு என்ன ஆட்சேபணை."

"ஆறிரும், குடி," என்றார், மறுபடி வண்டின் மேல் குனிந்துகொண்டு. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போடவில்லை. எனக்குச் சர்க்கரை ஆகாது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.